அணைக்கட்டில் நாற்பது நிமிடம்

திங்கள் முதல் வெள்ளி வரை என் வேனில்
பிள்ளைகளும் புத்தகப் பைகளும்.
ஞாயிறுக்கென்று முன்கண்ணாடியில் ஓர் அட்டை:
சுற்றுலா. ஆளுக்கு முப்பத்தைந்து வெள்ளி.
அணைக்கட்டு, நீர்வீழ்ச்சி, மலைமேல் மணிக்கூண்டு,
திரும்பும் வழியில் டுரியான்.

செரெண்டா, எஸ்டேட் சாலை முனை, காலை ஏழே கால்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
நேராக வந்தார்கள், பதினொரு பேர்.
தனபாக்கியத்திடம் நாலடுக்கு டிபன் கேரியர்.
ஜெயலெட்சுமிக்குப் புதுச் செருப்பு,
அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடி.
கோகிலவாணி மட்டும்
தொழிற்சாலைக் கழிவறைக் கண்ணாடியில்
உதட்டுச் சாயம் பூசி வந்திருந்தாள்.
"பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டவள்
பதிலுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.
எல்லார் விரலிடுக்கிலும் அதே வெள்ளைத் தூள்.

"பாட்டு சத்தமா வைங்க."
வைத்தேன்.
குவாலா குபு பாரு சிவப்பு விளக்கில் திரும்பிப் பார்த்தால்
லாரியில் கொட்டிய செம்பனைக் குலை மாதிரி
ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பதினொரு தலை.
பாட்டு மட்டும் தனியாகக்
காதலித்துக்கொண்டிருந்தது.
குறைத்தேன்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
'இடது பக்கம் பாருங்க, மூங்கில்.
வலது பக்கம் அணைக்கட்டு.
எவ்வளவு ஆழம்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது.'
ஸ்டியரிங்கிடம் சொல்லி முடித்தேன்.

மேட்டில் நிறுத்தியும் இன்ஜினை அணைக்கவில்லை.
ஏர்கோன் நின்றால் விழித்துவிடுவார்கள்.
டீசல் எரிவது கேட்டது,
அதாவது காசு.
எரியட்டும்.
கதவைப் பூனைபோல் சாத்தி இறங்கினேன்.

பதினேழு வருடமாக ஆட்களை இங்கே கொண்டு வருகிறேன்.
யாருக்கு வாந்தி, யாருக்குக் கழிவறை,
யார் கைப்பேசியைத் தொலைத்தார்கள்,
இதுதான் நான் பார்த்த அணைக்கட்டு.
இன்றைக்குத் தண்ணீரைப் பார்த்தேன்.
எல்லாரும் பச்சை என்பார்கள். பச்சை இல்லை.
புளி போட்டுத் தேய்க்காத செம்புப் பாத்திரத்தின்
விளிம்பில் பூத்திருக்குமே, அது.
எதிர்மலையில் மேகம் ஒன்று
மூட்டுவலிக்காரி மாடிப்படியில் நிற்பதுபோல்
பாதியில் நின்றது.
குப்பைத் தொட்டிமேல் ஒரு குரங்கு
நாசி லெமாக் தாளை விரித்து
கடைசி நெத்திலியைத் தேடியது.

சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள்.
அயர்லாந்தாம்.
அவர்கள் ஊரிலும் மலை, ஏரி, ஓயாத மழை;
வேன் வேனாக வந்து இறங்கி
பத்து நிமிடம் படம் பிடித்துவிட்டுப் போவார்களாம்.
"உன் ஆட்கள் ஏன் இறங்கவில்லை?"
என் ஆங்கிலத்தில் 'இரவு வேலை' இருந்தது.
மற்றது இல்லை.
அவள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.
பிறகு கணவனின் சைக்கிள் மணியைக் கையால் பொத்தி
சாலை வளையும்வரை
உருட்டிக்கொண்டே போனாள்.

நாற்பதாவது நிமிடம் கோகிலவாணி கண் திறந்தாள்.
"வந்துட்டோமாக்கா?"
"இன்னும் இல்ல. தூங்கு."

நீர்வீழ்ச்சிக்குப் போகவில்லை.
மணிக்கூண்டு எங்கேயும் ஓடிவிடாது.
டுரியான் கடையில்தான் வாசம் எல்லாரையும் எழுப்பியது.
தின்றார்கள், டிபன் கேரியரையும் காலி செய்தார்கள்,
கை கழுவிவிட்டுக் காசை நீட்டினார்கள்.
ஆளுக்குப் பதினைந்து திருப்பிக் கொடுத்தேன்.
தனபாக்கியம் வாங்கவில்லை.
"எதுக்குக்கா? நல்லாத்தானே இருந்துச்சு."
"எது?"
யோசித்தாள்.
"குளுகுளுன்னு."

ஊரில் இறக்கிவிட்டு வேனைக் கூட்டினேன்.
இருக்கையெல்லாம் வெள்ளைத் தூள்,
ஒரு டுரியான் கொட்டை,
செருப்பிலிருந்து கழன்ற சீட்டு:
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
அட்டையில் மணிக்கூண்டுக்குக் கீழே
'தூங்கலாம்' என்று சேர்ப்பதற்கு
பேனா தேடி எடுத்தேன்.
மை காய்ந்திருந்தது.
நாளை ஆறு மணிக்குப் பிள்ளைகள்.
அவர்களிடம் இருக்கும்.